வீடு புகுந்த ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம்முடைய நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. இதில் அமீனாவைப் பற்றிய பகுதிக்கு நான் ஆட்சேபம் சொல்லப் போவதில்லை. கோர்ட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அண்டா குண்டாவையெல்லாம் வாசலில் எடுத்துவைத்து ஜப்தி செய்கிறவர் நுழைந்த வீடு எப்படி உருப்படும்? ஆனால் அவரோடு ஆமையை எதற்காக ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதுதான் எனக்கு நெடுநாளாகப் புரியாத விஷயம். ஆமை யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. யார் மீதும் பிராது செய்ததில்லை. சொந்த வீட்டை முதுகில் சுமந்துகொண்டு திரியும் ஒரு பிராணி அடுத்தவன் வீட்டைக் கெடுக்கும் என்பது நியாயமாகவும் தோன்றவில்லை.

பண்டிதர்கள் சிலர் ஆமையைக் காப்பாற்ற முன்வந்திருக்கிறார்கள். பழமொழி சொல்லும் ஆமை குளத்து ஆமை அல்ல, பொறாமை, கல்லாமை, முயலாமை ஆகிய ஆமைகளே என்பது ஒரு கட்சி. ஆம்பி என்று இருந்ததைத்தான் ஆமை என்று மாற்றிவிட்டார்கள், காளான் பூத்த ஈர வீடு உருப்படாது என்பதே பொருள் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் சாமர்த்தியமான வியாக்கியானங்கள்தாம். ஆனால் பக்கத்தில் நிற்கும் அமீனா ரத்தமும் சதையுமான அமீனாவாக இருக்கும்போது, ஆமையை மட்டும் தத்துவமாக மாற்றுவது எப்படிப் பொருந்தும்?

அந்த அமீனாவையே சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம். அமீன் என்பது அரபுச் சொல். நம்பிக்கைக்கு உரியவன் என்று அதற்குப் பொருள். முகலாய ஆட்சியில் வரிவசூல் சம்பந்தமான உத்தியோகஸ்தர் ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு கம்பெனியார் கோர்ட்டுகளை அமைத்தபோது, தீர்ப்பை நிறைவேற்ற வருகிற சிப்பந்திக்கு அது வந்து சேர்ந்தது. திண்டுக்கல் சீமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக அனுப்பியது. 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சீமையே அவர்களுக்குச் சொந்தமாயிற்று. கோட்டைக்குள் யார் இருந்தாலும், பாரசீகமும் அரபும் கலந்த கச்சேரிச் சொற்கள் அந்தக் காலத்தில்தான் குடியானவனின் வாசல்வரை நடந்து வந்தன. ஆகவே, பழமொழி இப்போது நாம் சொல்லும் உருவத்தில் பிறந்து இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இராது என்பது என் அபிப்பிராயம். கடனுக்குப் பயந்த ஒரு காலத்தின் குரல் அதில் கேட்கிறது.

அதற்கு முன்னால் தமிழர்கள் ஆமையை எப்படி நடத்தினார்கள்? மிகவும் மரியாதையாகவே நடத்தினார்கள். ஐம்புலன்களையும் அடக்கி ஆள்வதற்கு உவமை தேடிய திருவள்ளுவர் சிங்கத்தைக் கூப்பிடவில்லை, ஆமையைத்தான் கூப்பிட்டார். கீதையிலும் அதே உவமை இருக்கிறது. திருமால் ஆமை வடிவம் எடுத்துச் சிவபெருமானைப் பூசித்த தலங்கள் என்று செங்கற்பட்டுப் பக்கத்துத் திருக்கச்சூரையும், காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் கோயிலையும் சொல்வார்கள். கச்சபம் என்றாலே ஆமைதான். வடக்கே ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளத்துக்கு அருகே ஸ்ரீகூர்மத்தில் மூலவரே ஆமை வடிவம். அந்தக் கோயில் வளாகத்தில் நட்சத்திர ஆமைகளையும் வைத்துப் பராமரித்து வந்திருக்கிறார்கள். தெய்வத்தின் வடிவம் என்று வணங்கிய பிராணி, பிற்காலத்தில் தரித்திரத்தின் தூதனாக மாறிவிட்டது!

சங்கப் புலவர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஆமைக்கு அவர்கள் ஒரு குடும்பத்தையே கற்பித்துக் கொடுத்தார்கள். கடலாமை மணலில் புதைத்துவைத்த முட்டையைக் குஞ்சு வெளிவரும் வரையில் அதன் கணவன் காவல் காக்கிறது என்று அகநானூற்றில் ஒரு புலவர் பாடினார். பொய்கையில் ஆமைக் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்கிறது என்று ஐங்குறுநூறு சொல்கிறது. நினைக்கும்போதே நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் உண்மையான ஆமை இப்படியெல்லாம் சம்சாரம் நடத்துவதில்லை. பெண் கடலாமை இரவில் கரையேறிக் குழி தோண்டி, முட்டையிட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். கணவனோ கரைப்பக்கமே வருவதில்லை. குஞ்சு பிறக்கும்போது தாய் எங்கே இருக்கிறாள் என்று அதற்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. குளத்து ஆமையும் காட்டு ஆமையும்கூட இந்த விஷயத்தில் கடலாமைக்கு உறவினர்களே.

புலவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. தங்கள் வீட்டு முற்றத்தில் கண்ட அன்பை அவர்கள் ஆமையின் ஓட்டின் மேல் ஏற்றிப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் தங்கள் கடனையும் பயத்தையும் அதே ஓட்டின் மேல் ஏற்றினார்கள். இரண்டுமே நம்முடைய சுமைகள். ஆமை ஏற்கெனவே ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு மனோபாவங்களும் ஒரே வீட்டில் எதிரும் புதிருமாக நின்று வாதாடியதைத் தொப்பம்பட்டியில் நான் நேரில் பார்த்தேன்.

தொப்பம்பட்டி பழனிக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. தெற்கே பார்த்தால் பழனி மலைத் தொடர் நீலமாகச் சுவர் எடுத்து நிற்கும். வடக்கே தாராபுரம் வரையில் சமவெளி. சோளமும் முருங்கையும் தென்னையும் கிணற்றுத் தண்ணீரை நம்பி வளர்கிற சீமை. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் தலையில் துண்டு நிற்காது. காடு என்று அங்கே சொல்வது பெரும்பாலும் தோட்டத்தையும் புன்செய்யையும்தான். அதற்கும் அப்பால் கிலுவையும் வேலமரமும் சப்பாத்திக் கள்ளியும் முளைத்த மேய்ச்சல் நிலம். இப்படிப்பட்ட வறண்ட பூமிதான் நட்சத்திர ஆமைக்குச் சொர்க்கம். கிணறும் குட்டையும் வாய்க்காலும் பால் ஆமைக்குச் சொந்தம். ஆகவே அந்தப் பக்கத்துப் பையன்களின் கண்ணில் இரண்டும் படுகின்றன.

என் பழைய நண்பர் ஒருவரின் தோட்டத்துக்கு ஐப்பசி மாதத்தில் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி. அதில் ஒரு சாண் தண்ணீர். தண்ணீரில் இரண்டு ஆமைகள். ஒன்று, கிணற்றிலிருந்து வாளியில் ஏறி வந்த பால் ஆமை. வழவழவென்ற மெல்லிய ஓடு. மற்றொன்று மேய்ச்சல் நிலத்தில் அகப்பட்ட நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டின் மேட்டுக்கு மேடு மஞ்சள் கோடுகள் கதிர் கதிராகப் பிரிந்து, யாரோ பொறுமைசாலியான பொற்கொல்லன் இழைத்த மாதிரி இருந்தது. பால் ஆமை தொட்டியைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. நட்சத்திர ஆமை ஒரு மூலையில் சுவரைப் பிறாண்டியபடி, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தது.

நண்பரின் மனைவி என்னைக் கண்டதும் வழக்கை எடுத்துவைத்தார். "ஏனுங்க, நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க. இந்தப் பையனுக்கு நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க. ஆமை வூட்டுக்குள்ள வரலாமுங்களா? குடும்பம் வெளங்குமா?"

எதிர்க்கட்சி வக்கீல் அவருடைய பேரன். வயது பத்துக்குள் இருக்கும். "இல்லீங்க தாத்தா, அப்பத்தா சும்மா சொல்றாங்க. இது ஒண்ணும் பண்ணாதுங்க. முதல்ல ஒண்ணுதான் இருந்துச்சுங்க. தனியா இருந்தா அதுக்கு அழுகை வருமில்லீங்களா? அதுக்குத்தான் துணைக்கு இன்னொண்ணு புடிச்சுட்டு வந்தேனுங்க."

துணைக்கு! நாலு தலைமுறையாகக் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த ரத்தம் அல்லவா? தனிமை என்றால் தண்டனை என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஐங்குறுநூற்றுப் புலவர் தொப்பம்பட்டிப் பையனின் வாயால் பேசினார். பழமொழி அப்பத்தாவின் வாயால் பேசியது. இடையில், பேசத் தெரியாத ஒரு ஜீவன் மூச்சுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. அது தரையில் பிறந்து தரையில் மடிகிற ஜாதி. புல், உதிர்ந்த பழம், கள்ளி மடல் இவைதான் அதன் ஆகாரம். ஈரத்தில் நெடுநேரம் ஊறினால் சளி பிடித்து மூக்கு ஒழுகும். அதுவே முற்றி நெஞ்சுக்குள் இறங்கினால் பிழைப்பது கஷ்டம். பால் ஆமையோ தண்ணீர்க்காரன். மீனும் நத்தையும் தவளையும், செத்து மிதக்கும் அழுகலும் அதற்கு உணவு. கிணற்றில் ஆமையை விட்டுவைத்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று நாட்டின் பல பாகங்களிலும் நம்புவதற்கு இதுதான் காரணம். கோடையில் குட்டை வற்றினால் அது சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்துக் கிடக்கும். ஒன்றுக்கு வீடாகிற இடம் மற்றொன்றுக்குச் சிறை. ஒன்றின் உடம்பில் எந்த உபத்திரவமும் செய்யாமல் தங்கியிருக்கிற கிருமி, மற்றொன்றின் உயிரைக் குடித்துவிடக்கூடும். வெவ்வேறு இனத்து ஆமைகளை ஒரே தொட்டியில் இடக்கூடாது என்று ஆமை வளர்ப்பில் தேர்ந்தவர்கள் முதல் விதியாகச் சொல்வது இதனால்தான்.

இவற்றைப் பையனுக்கு விளங்கும்படி சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். 1972-இல் இயற்றிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆமைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. "போலீசு வருமுங்களா?" என்று கேட்டான். அமீனாவுக்குப் பதில் வனக்காவலர் வருவார் என்று நண்பர் சிரித்தார். ஆனால் அவனை அசைத்தது சட்டம் அல்ல. அந்த நீட்டிய கழுத்துத்தான். அதை எங்கே பிடித்தானோ அதே கள்ளிப் புதர் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். பால் ஆமை அதன் கிணற்றுக்குப் போயிற்று. அப்பத்தா தொட்டியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மூன்று பேருக்கும் நியாயம் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு ஒரு சரித்திர ஆதாரம் உண்டு. அதைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

அந்த நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பெட்டி ஆமை என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரியது. கவிழ்த்த கிண்ணம் போன்ற பழுப்பு ஓடு. அதன் மேல் மஞ்சள் தீற்றல்கள். நம்முடைய நட்சத்திர ஆமைக்குத் தூரத்துச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம் போல இருக்கும், உறவு அப்படி நெருக்கமானது அல்ல என்றாலும். அதன் வயிற்றோட்டில் கீல் வைத்த கதவு மாதிரி ஒரு மடிப்பு உண்டு. ஆபத்து வந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, முன்கதவையும் பின்கதவையும் சாத்தித் தாழிட்டுவிடும். பெட்டி என்ற பெயர் அதனால் வந்தது. ஆசியாவிலும் இப்படிக் கதவுள்ள ஆமைகள் இருக்கின்றன. நம் நிக்கோபார்த் தீவுகளில்கூட ஓர் இனம் உண்டு. ஐம்பது வருஷம் சாதாரணமாக உயிர் வாழும். சாதுவாகவும் அழகாகவும் இருப்பதால் அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை எடுத்து வந்து வளர்த்தார்கள். ஒன்று இருந்தால் ஏங்கும் என்று இன்னொன்றையும் சேர்த்தார்கள். தொப்பம்பட்டிக்கும் மேரிலாந்துக்கும் இந்த விஷயத்தில் அதிக தூரம் இல்லை.

அந்த மேரிலாந்தில் 1944-ஆம் ஆண்டு லூசில் ஸ்டிக்கல் என்ற பெண்மணி ஒரு காரியம் செய்தார். பட்டக்ஸன்ட் என்ற வனவிலங்குக் காப்பிடத்தில் பெட்டி ஆமைகளின் முதுகில் நூற்கண்டைப் பொருத்திவிட்டார். ஆமை நடக்க நடக்க நூல் அவிழ்ந்துகொண்டே போகும். அந்த நூலைப் பின்தொடர்ந்து ஆமை போன வழியெல்லாம் அவரும் போனார். உலகமே யுத்தத்தில் பற்றி எரிந்த சமயத்தில், ஒரு பெண் காட்டுக்குள்ளே குனிந்து குனிந்து ஆமையின் நூலைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மனிதகுலத்தின் மீது கொஞ்சம் நம்பிக்கை பிறக்கிறது. 1950-இல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒவ்வோர் ஆமையும் சுமார் நூறு மீட்டர் குறுக்களவுள்ள ஓர் எல்லைக்குள்ளேயே தன் காலத்தைக் கழிக்கிறது. வருஷம் தோறும் அதே எல்லை. அதே ஓடைக்கரை, அதே சருகுப் படுக்கை. அவர் ஆரம்பித்த கணக்கெடுப்பைப் பிற்காலத்திலும் பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தொடர்ந்தார்கள்.

ஆகவே ஆமைக்கு ஊர் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டால், தன் ஊரைத் தேடி நடக்கத் தொடங்கிவிடும். தார் ரோட்டில் வண்டிச் சக்கரத்தில் அரைபடுகிற ஆமைகளில் இப்படி ஊர் திரும்புகிறவையும் உண்டு. வீட்டை முதுகில் சுமக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அது பாதி உண்மைதான். முதுகில் இருப்பது கூரை. வீடு என்பது அது வழி தெரிந்து நடக்கும் அந்த நூறு மீட்டர் பூமி.

ஸ்டிக்கல் அம்மையார் கண்ட இன்னொரு செய்தி இதைவிட ருசிகரமானது. ஓர் ஆமையின் எல்லைக்குள் வேறு ஆமைகளின் எல்லைகளும் குறுக்கும் நெடுக்குமாகப் புகுந்து கிடந்தன. ஆணும் பெண்ணும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. வேலி போட்டுச் சண்டையிடும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. அப்படியானால் அவற்றைச் சேர்த்து வளர்ப்பதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அதே ஆமைகளைச் சேர்த்து ஒரு தொட்டியில் போட்டால் ஆணும் ஆணும் கடித்துக்கொள்கின்றன. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால், ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணை இரையெடுக்கவிடாமல் செய்து, காயப்படுத்தியும் விடுகிறது. வெளியில் பார்க்க ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும்போதுகூட, பலமுள்ளது வெயில் படும் இடத்தையும் தீனித் தட்டையும் பிடித்துக்கொள்ள, மற்றது மூலையில் கதவைச் சாத்திக்கொண்டு மெலிந்துவிடுகிறது. காட்டில் அயலார், தொட்டியில் பகையாளிகள். ஏன்?

காட்டில் விலகிப் போக இடம் இருக்கிறது. தொட்டியில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பத்து நாளைக்கு ஒரு தடவை ஓடைக்கரையில் சந்தித்து, முகத்தைப் பார்த்துவிட்டு, அவரவர் வழியே போவதுதான் ஆமைகளின் சமூக வாழ்க்கை. அந்த "அவரவர் வழியே" என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சகவாசம் அல்ல, காவல்.

சட்டம் இடம் கொடுக்கிற நாடுகளில், நம்மவர்கள் பலர் குடியேறியிருக்கும் நாடுகளிலும்தான், பிறர் கைவிட்ட ஆமைகளைச் சிலர் பொறுப்பேற்று வளர்க்கிறார்கள். அவர்கள் கடைப்பிடிக்கும் முறைகள் எல்லாமே இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைத்தவை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடித் தொட்டி கூடாது. வீட்டுக் கொல்லையில் அடைப்புக் கட்டி, பறித்து நுழையும்படி மண்ணும் சருகும் நிறைய இட வேண்டும். வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும். எது எப்போது என்பதை ஆமையே தீர்மானிக்கும். இறங்கி நனைந்து ஏறும்படி ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு வேண்டும். மண்புழு, நத்தை, காளான், பழம், கீரை என்று உணவு மாறி மாறி வர வேண்டும். இரண்டு ஆண்களை ஒன்றாக வைக்கக் கூடாது. ஜோடி சேர்த்தும் வைக்கக் கூடாது. பெண்கள் சில சேர்ந்து இருக்கலாம். ஆனாலும் ஒளிய ஆளுக்கொரு மறைவும், ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாதபடி இடையிடையே செடியும் கட்டையும் வேண்டும். தீனி தனித்தனித் தட்டில். புதிதாக வருகிற ஆமையை நோய் இல்லை என்று நிச்சயமாகும் வரையில் பல மாதம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு தனியே விட்டாலும் அது ஏங்குவதில்லை. சுருங்கச் சொன்னால், சேர்த்து வளர்ப்பதன் ரகசியம் பிரித்து வைப்பதில் இருக்கிறது!

தனியாக வாழ்ந்தே சரித்திரத்தில் இடம் பிடித்த ஆமைகள் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட், தம் அத்தை இறந்தபின் 1780-இல் அவளுடைய ஆமையைத் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அத்தை வீட்டில் அது நாற்பது வருஷம் போல இருந்தது. எப்போது மண்ணுக்குள் புதைகிறது, எப்போது எழுந்து வருகிறது, மழைக்கு முன் என்ன செய்கிறது என்று ஒயிட் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். டிமோதி என்று ஆண் பெயரிட்டு எல்லோரும் அழைத்த அந்த ஆமை, பெண் என்பது அது செத்தபிறகுதான் தெரிந்தது. அவ்வளவு அருகில் இருந்து பார்த்தவர்களுக்குக்கூட அது தன் கதவை முழுவதும் திறக்கவில்லை! கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 2006 மார்ச்சு மாதம் ஒரு ராட்சத ஆமை இறந்தது. ஸீஷெல்ஸ் தீவுகளிலிருந்து ராபர்ட் கிளைவுக்கு வந்த நான்கு ஆமைகளில் அது ஒன்று, மற்ற மூன்றும் முன்பே மாண்டன என்று சொல்வார்கள். கிளைவின் கதை எவ்வளவு நிஜமோ, அதன் பெயர் மட்டும் நிச்சயம்: அத்வைதா. இரண்டற்றது. பெயர் வைத்த மகானுபாவர் ஆமையின் சித்தாந்தத்தை நன்றாகப் புரிந்துகொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கே வருவோம். பழமொழி கெட்டது என்று ஆரம்பத்தில் சொன்னேன். அது நன்மையும் செய்திருக்கிறது. ஆமை வந்தால் குடி கெடும் என்ற பயம் இருந்தவரையில் தமிழ்நாட்டுச் சாமானியன் ஆமையை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, அது பிழைத்தது. இப்போது காற்று திசை மாறிவிட்டது. ஆமை அதிர்ஷ்டம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பித்தளை ஆமையைத் தட்டில் தண்ணீர் விட்டு வரவேற்பறையில் வைக்கிறார்கள். பித்தளைக்கு மூச்சு முட்டாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மிஸிஸிபிப் பிரதேசத்தைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகள், ரூபாய் நாணயம் அளவில், கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டிரண்டாக விலைக்கு வருகின்றன. சில வருஷங்களில் அவை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிடும். அப்போது கிண்ணமும் கொள்ளாது, பிரியமும் கொள்ளாது. குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கேரளத்திலும் அஸ்ஸாமிலும் நீர்நிலைகளில் அவற்றைக் கண்டிருக்கிறார்கள். நாட்டு ஆமையின் இரையையும் இடத்தையும் பறிக்கும் இனம் என்று உலகமே அஞ்சுகிறது. அமெரிக்காவில் 1975-லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு அவற்றிடமிருந்து வயிற்று நோய் பரவியது காரணம்.

மறுபுறம், நம்முடைய நட்சத்திர ஆமைகள் பெட்டிகளில் துணிக்கு நடுவே அடுக்கப்பட்டு விமானம் ஏறுகின்றன. சென்னை விமான நிலையத்தில் பலமுறை நூற்றுக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள். அயல்நாட்டில் அதை வாங்குகிறவனும் ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று வாங்குகிறான். 2019-இல் உலக நாடுகள் கூடி, நட்சத்திர ஆமையின் வாணிபத்தை அறவே தடுக்கும் முதற் பட்டியலில் அதைச் சேர்த்தன. பிடிபட்ட ஆமைகளுக்கும் விடுதலை எளிதல்ல. எந்த ஊரில் பிடித்தது என்று தெரியாதவற்றை எந்தக் காட்டில் விடுவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு நூறு மீட்டர் பூமி எங்கேயோ இருக்கிறது. வழி சொல்ல அதற்கு வாய் இல்லை. ஆமை புகுந்த வீடு கெட்டதோ இல்லையோ, வீடு புகுந்த ஆமை கெட்டது என்பதற்கு இவ்வளவு சாட்சியங்கள் இருக்கின்றன.

ஆமையின் மீது அன்பு வைப்பதற்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வழியில் நடந்தவள் ஒரு சென்னைப் பெண்.

தொப்பம்பட்டியில் நின்று தெற்கே பார்த்தால் தெரியும் மலைகளுக்கு மேற்கே ஆனைமலை; அதற்கும் அப்பால் பழைய கொச்சி சமஸ்தானத்துக் காடுகள். 1912-ஆம் ஆண்டில், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஹெண்டர்ஸன், அந்தக் காட்டில் அகப்பட்ட ஒரு சின்னஞ்சிறு தரை ஆமையைப் பற்றி எழுதினார். பிரம்பு ஆமை என்று அதற்குப் பெயர். அதன்பின் எழுபது ஆண்டுகள் எந்த விஞ்ஞானியின் கண்ணிலும் அது படவில்லை. எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த ஜெ. விஜயா 1978-இல் கிண்டி பாம்புப் பண்ணையில் தொண்டு செய்யச் சேர்ந்தார். பிறகு ஆமைகளே அவருடைய வாழ்க்கையாயின. 1982-இல் காடர் மக்களின் துணையோடு சாலக்குடிக் காட்டுக்குள் போய் அந்தப் பிரம்பு ஆமையைக் கண்டுபிடித்தார். கண்டதோடு திரும்பவில்லை. காட்டிலேயே ஒரு குகையில் தங்கி, மழையிலும் அட்டையிலும் இருந்து, சருகுக்கு அடியில் அது எப்படிக் குடித்தனம் செய்கிறது என்று பார்த்தார். நம் நாட்டில் ஊர்வனவற்றை ஆராய்ந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். 1987-இல், முப்பது வயது நிறையும் முன்பே அவர் காலமானார்.

ஆமையைத் தம் வீட்டுக்கு அழைத்து வராமல், ஆமையின் வீட்டுக்குத் தாம் போனவர் அவர். 2006-இல் விஞ்ஞானிகள் அந்த ஆமைக்குப் புதிய பேரினப் பெயர் சூட்டினார்கள்: விஜயகீலிஸ். விஜயாவின் ஆமை என்று பொருள். அது யாருக்கும் சொந்தமாக இருந்ததில்லை; இன்றும் அந்த மேற்கு மலைச் சருகுகளுக்கு அடியில் தனியாகத்தான் வாழ்கிறது.